பீடத்தில் நிற்கத் தகுந்தவர் யார்?
பிரிஸ்டல் நகரத்துச் சிலை ஒன்று சொல்லித் தரும் பாடம்

ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் புதிய பெயரன்று. டிப்ளமோ படிக்கும் காலத்திலேயே இசம்பார்ட் கிங்டம் புருனெல் என்ற பொறியாளரின் பெயர் எங்கள் காதில் விழுந்துவிடும். லண்டனையும் பிரிஸ்டலையும் 7 அடி அகலத் தண்டவாளத்தால் இணைத்தவர் அவர். அந்தப் பாதை முழுவதும் 1841-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. குகைகள், பாலங்கள், நிலையங்கள் என்று அவர் கட்டியவற்றின் படங்களைப் பார்த்துப் பார்த்து, போகாத அந்த ஊர் எனக்கு ஒரு புண்ணியத் தலம் போலவே ஆகிவிட்டது.

2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்த ஊரைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஊரடங்கு நேரம், வீட்டில் எல்லோரும் கூடத்தில் இருந்தோம். ஒரு கூட்டம் வெண்கலச் சிலை ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக் கீழே தள்ளி, தெருவில் உருட்டிக்கொண்டு போய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரன், "தாத்தா, நம்ம பிள்ளையாரைக் கரைக்கிற மாதிரியா?" என்று கேட்டான். "அது வேற, இது வேற" என்று மட்டும் சொன்னேன். அது பதிலாகாது என்று எனக்கே தெரிந்தது. அன்று சொல்லாமல் விட்ட பதிலை, பிறகு படித்துத் தெரிந்துகொண்டவற்றின் துணையோடு இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளோடு சேர்ந்து படிக்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

யார் இந்தக் கோல்ஸ்டன்?

கீழே விழுந்த சிலை எட்வர்ட் கோல்ஸ்டன் என்பவருடையது. 1636-இல் பிரிஸ்டலில் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் தொழில் செய்து பெரும் பொருள் சேர்த்து, 1721-இல் காலமானார். ஸ்பெயின், போர்த்துகல் நாடுகளோடு துணி, திராட்சை மது முதலியவற்றில் வியாபாரம் செய்தவர். ஆகவே அவர் செல்வம் முழுவதும் ஒரே வழியில் வந்தது என்று சொல்வது நியாயமாகாது.

ஆனால் 1680-இல் அவர் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் சேர்ந்தார். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஆட்களை வாங்கிக் கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் விற்பதற்கு அரசரிடம் ஏகபோக உரிமை பெற்றிருந்த கம்பெனி அது. கோல்ஸ்டன் வெறும் பங்குதாரராக இருக்கவில்லை. நிர்வாகக் குழுக்களில் உட்கார்ந்தவர். 1689-இல் துணை ஆளுநர் என்ற உயர் பதவிக்கு வந்தவர். 1692 வரை கம்பெனியில் இருந்தார். அவர் இருந்த அந்தக் காலத்தில் கம்பெனியின் கப்பல்கள் ஆண், பெண், குழந்தைகள் என்று ஏறத்தாழ 84,000 பேரை ஏற்றிச் சென்றதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் 19,000 பேர் வழியிலேயே இறந்தார்கள். பிடிபட்டவர்கள் உடலில் கம்பெனியின் எழுத்துகளைச் சூட்டுக்கோலால் பொறிப்பது வழக்கம்.

எனக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன். 18 பெட்டிகள் கோத்த ஒரு ரயில் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறது. போய்ச் சேரும்போது 4 பெட்டிகளில் இருந்தவர்கள் எவரும் உயிரோடு இல்லை. அடுத்த ரயிலிலும் அப்படியே. அதற்கடுத்த ரயிலிலும் அப்படியே. இதையெல்லாம் கணக்குப் புத்தகத்தில் சரக்குச் சேதம் என்று எழுதிக்கொண்டு, லாபத்தைப் பங்கு போட்டுக்கொண்ட மேசையில் அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் கோல்ஸ்டன்.

அதே கோல்ஸ்டன் பெரிய தர்மவான் என்பதையும் சொல்ல வேண்டும். பிரிஸ்டலில் ஏழை முதியோருக்கு விடுதி கட்டினார். 100 சிறுவர்கள் தங்கிப் படிக்கப் பள்ளி நிறுவினார். தேவாலயங்களுக்கு அள்ளிக் கொடுத்தார். அவர் பெயரால் பள்ளிகள், தெரு, இசை மண்டபம் எல்லாம் ஊரில் உண்டாயின. ஆண்டுதோறும் அவர் நினைவு நாளில் பள்ளிக் குழந்தைகளுக்கு இனிப்பு ரொட்டி கொடுக்கும் வழக்கமும் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த ரொட்டியைத் தின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அவர் வள்ளல், அவ்வளவுதான் தெரியும்.

174 ஆண்டுகள் கழித்து எழுந்த சிலை

இங்கே ஒரு விவரத்தை நாம் கவனிக்க வேண்டும். கோல்ஸ்டனுக்குச் சிலை வைத்தது அவர் காலத்தவர் அல்லர். அவர் இறந்து 174 ஆண்டுகள் கழித்து, 1895-இல்தான் அது எழுந்தது. பிரிட்டன் அடிமை வாணிகத்தை 1807-இலும், தன் குடியேற்றங்கள் பெரும்பாலானவற்றில் அடிமை முறையை 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் ஒழித்துவிட்டது. ஆகவே சிலை வைத்த தலைமுறைக்கு இது பாவம் என்று நன்றாகவே தெரியும். தெரிந்தும் பீடத்தில் இந்நகரின் மிக அறமும் அறிவும் உள்ள புதல்வர்களில் ஒருவர் என்ற பொருளில் எழுதி வைத்தார்கள். கப்பல்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இதற்கு ஓராண்டு முன்னால், 1894-இல், அருகிலேயே இன்னொரு சிலை வைக்கப்பட்டிருந்தது. அது எட்மண்ட் பர்க் சிலை. வாரன் ஹேஸ்டிங்ஸ் நம் நாட்டில் செய்த கொடுமைகளுக்காக நாடாளுமன்றத்தில் அவர்மேல் குற்றம் சாட்டி, ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்திய பர்க்தான். அவர் பிரிஸ்டலின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அதிகாரத்தில் இருந்தவனைக் கேள்வி கேட்டவருக்கு ஒரு சிலை. ஆட்களை விற்ற கம்பெனியை நடத்தியவருக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிலை. சிலை என்பது வரலாறு தானாக விட்டுச் சென்ற தடயம் அன்று என்பதற்கு இதுவே சான்று. யாரை எந்த இடத்தில் எந்தச் சொற்களோடு நிறுத்துவது என்று, வசதியும் செல்வாக்கும் உள்ள சிலர் ஒரு காலத்தில் கூடி எடுக்கும் முடிவு அது.

ஒரு பலகைக்கு நேர்ந்த கதி

கோல்ஸ்டனின் மறுபக்கம் திடீரென்று 2020-இல் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1920-லேயே ஒரு பாதிரியார் அவர் வரலாற்றை ஆராய்ந்து, அடிமை வாணிகத் தொடர்பை நூலாக எழுதிவிட்டார். 1998-இல் யாரோ பீடத்தின்மேல் பெயின்ட்டால் அடிமை வியாபாரி என்று எழுதினார்கள். மனுக்கள் போயின, கூட்டங்கள் நடந்தன.

கடைசியில் 2018-இல் ஒரு நடுவழி கிடைத்தது. சிலை இருக்கட்டும், பீடத்தில் இன்னொரு பலகை வைத்து, 84,000 பேரின் கதையையும் சொல்லிவிடலாம் என்றார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பலகையில் என்ன எழுதுவது என்பதில் சண்டை வந்தது. கடுமையாக இருக்கிறது என்று ஒரு தரப்பு சொற்களைக் குறைத்தது. மழுப்பலாக இருக்கிறது என்று மறு தரப்பு எதிர்த்தது. பலகை வார்த்தும் ஆகிவிட்டது. 2019 மார்ச்சில் அந்த வாசகம் ஏற்கத்தக்கதன்று என்று மேயர் நிறுத்தி வைத்தார். அவர் மார்வின் ரீஸ். தந்தை வழியில் ஜமைக்காவைச் சேர்ந்தவர். பழைய வாசகம் மட்டும் பீடத்தில் அப்படியே நின்றது.

இதைப் படித்தபோது என் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆற்றுப் பாலம் கட்டும் பணியில் இருந்தேன். தூண்களுக்குக் கிணறு இறக்கும்போது மண் சரிந்து இரண்டு கூலித் தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். பாலம் முடிந்து திறப்பு விழா நடந்தது. பளிங்குக் கல்லில் வந்திருந்த விருந்தினர் பெயரும், மேலதிகாரிகள் பெயர் வரிசையும் பொறித்தார்கள். கல்லில் இடம் இருந்தது. இறந்த இருவர் பெயரையும் சேர்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது. சின்னப் பதவியில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அந்தக் கல்லில் இருப்பதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனாலும் அந்தக் கல் சொல்வது உண்மையில்லை. எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் அந்தப் பாலத்தில் ரயில் ஏறும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. எனக்கே இப்படியென்றால், இறந்தவர்களின் பிள்ளைகள் அந்த வழியாகப் போனால் எப்படி இருக்கும்?

பிரிஸ்டலில் அந்த "பிள்ளைகள்" இருந்தார்கள். கரீபியன் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள், அடிமைகளாக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், அந்தச் சிலையைக் கடந்துதான் வேலைக்குப் போனார்கள். அந்த வேலையும் சுலபமாகக் கிடைக்கவில்லை. 1963 வரை பிரிஸ்டல் ஆம்னிபஸ் கம்பெனி, வெள்ளையர் அல்லாதவர்களைப் பேருந்தில் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ சேர்த்துக்கொள்ள மறுத்துவந்தது. அதை எதிர்த்துப் பால் ஸ்டீபன்சன் என்ற இளைஞர் முன்னின்று பேருந்துப் புறக்கணிப்பு நடத்தினார். நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் 28 அன்று கம்பெனி பணிந்தது. அதன்பின் அங்கே முதன்முதலாக நடத்துநர் வேலைக்கு வந்த வெள்ளையர் அல்லாதவர் யார் தெரியுமா? ரக்பீர் சிங் என்ற நம் சீக்கியர். அடிமை வாணிகம் என்றோ முடிந்துபோன கதை என்று சொல்வோர் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

2020 ஜூன் 7

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதன் அதிர்ச்சி உலகெங்கும் பரவியது. ஜூன் 7 அன்று பிரிஸ்டலில் நடந்த ஊர்வலத்தில்தான் சிலை விழுந்தது. அதைத் தண்ணீரில் தள்ளிய இடத்துக்கு அருகே ஒரு நடைபாலம் இருக்கிறது. அதன் பெயர் பேரோ பாலம். நெவிஸ் தீவில் 12 வயதில் விலைக்கு வாங்கப்பட்டு, தோட்ட முதலாளியோடு பிரிஸ்டலுக்குக் கொண்டுவரப்பட்ட பேரோ என்ற அடிமையின் பெயரை 1999-இல் அந்தப் பாலத்துக்கு வைத்திருந்தார்கள்.

நான்கே நாளில் நகராட்சி சிலையைத் தண்ணீரிலிருந்து எடுத்தது. சேறு கழுவும்போது சிலைக்குள்ளிருந்து 1895-ஆம் ஆண்டு வார இதழ் ஒன்று கிடைத்தது. சிலையைப் பொருத்திய தொழிலாளிகள் அதில் தங்கள் பெயரை எழுதி உள்ளே செருகியிருந்தார்கள்! வெளியே பீடத்தில் இடம் கிடைக்காதவர்கள் உள்ளேயாவது எழுதி வைப்போம் என்று நினைத்தார்கள் போலும்.

இழுத்துத் தள்ளியவர்களில் நால்வர்மேல் வழக்கு நடந்தது. 2022 ஜனவரி 5 அன்று ஜூரிகள் அவர்களை விடுவித்தார்கள். அந்தத் தீர்ப்பு அப்படியே நின்றது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பொதுச் சொத்தைப் பெரிய அளவில் சேதப்படுத்திவிட்டுப் போராட்ட உரிமையைக் காரணம் காட்ட முடியாது என்று சட்டத்தின் நிலையை விளக்கியது.

சிலையை என்ன செய்வது? நகரம் ஒரு வரலாற்றுக் குழு அமைத்து மக்களைக் கேட்டது. ஏறத்தாழ 14,000 பேர் கருத்துச் சொன்னார்கள். அவர்களில் பிரிஸ்டல்காரர்கள் ஐந்து பேரில் நால்வர் அருங்காட்சியகத்தில் வைக்கச் சொன்னார்கள். இன்று அது துறைமுகத்தை ஒட்டிய எம் ஷெட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிற்கவில்லை, படுத்திருக்கிறது. மேலே பூசிய பெயின்ட்டும் அடிபட்ட தழும்புகளும் அப்படியே இருக்கின்றன. பக்கத்தில் முழுக் கதையும் எழுதியிருக்கிறது.

எதிர் வாதங்களைப் பார்ப்போம்

இந்த விஷயத்தில் அகற்றக் கூடாது என்போரிடமும் நேர்மையான வாதங்கள் உண்டு. அவற்றைத் தள்ளிவிட்டுப் போவது படிப்பாகாது.

முதல் வாதம்: சிலையை அகற்றினால் வரலாறு அழிந்துவிடும். பிரிஸ்டலில் நடந்தது இதற்கு நேர்மாறு. 125 ஆண்டுகள் சிலை நின்றபோது ஊர்க்காரர்களில் பலருக்குக் கோல்ஸ்டனைப் பற்றி ரொட்டி மட்டுமே தெரிந்திருந்தது. சிலை இறங்கிய பிறகு உலகத்துக்கே 84,000 என்ற எண் தெரிந்தது. வரலாறு இருக்கும் இடம் ஆவணங்களும் நூல்களும் அருங்காட்சியகமும். சதுக்கத்துப் பீடம் மரியாதை செய்யும் இடம். ஒருவரைப் படிப்பது வேறு, வணங்கி நிற்பது வேறு. இராவணனைப் பற்றிக் கம்பனில் எவ்வளவோ படிக்கிறோம். அதற்காகக் கோயில் கட்டிக் கும்பிடுவதில்லை.

இரண்டாம் வாதம்: அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா? இது வலுவான வாதம்தான். ஆனால் "அந்தக் காலம்" என்றால் யாருடைய காலம்? கோல்ஸ்டன் கம்பெனியில் இருந்தபோதே, 1688-இல், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜெர்மன்டவுன் என்ற ஊரில் நான்கு குவேக்கர்கள், மனிதரை விலைக்கு விற்பது தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். தவறு என்று சொன்னவர்கள் அப்போதும் இருந்தார்கள். கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியோடு கிடந்தவர்களும் அந்தக் காலத்து மனிதர்கள்தாம். அவர்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

மூன்றாம் வாதம்: அவர் செய்த தர்மத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு. அவர் கட்டிய விடுதியை இடிக்கச் சொன்னவர் யாரும் இல்லை. ஆனால் ஒருவரிடம் பறித்த பொருளை இன்னொருவருக்குக் கொடுத்தால், வாங்கியவர் நன்றி சொல்லலாம்; பறிகொடுத்தவரையும் நன்றி சொல்லச் சொல்வது எப்படி நியாயமாகும்? சதுக்கத்துச் சிலை இருவரையும் சேர்த்தே வணங்கச் சொல்கிறது.

நான்காம் வாதம்: இதற்கு முடிவு எங்கே? இன்று இவர், நாளை எல்லோரும் என்று ஆகிவிடாதா? இதற்கு நம் ஊர்க் கதையே பதில் சொல்கிறது. அதற்கு வருகிறேன்.

ஐந்தாம் வாதம் ஒன்று உண்டு. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். கூட்டம் கயிறு கட்டி இழுப்பது நல்ல முறையன்று. இன்று நமக்குப் பிடிக்காத சிலையை இழுத்த கை, நாளை நமக்கு வேண்டிய சிலையையும் இழுக்கும். நம் நாட்டில் சிலைகளை உடைத்து ஊரே எரிந்த செய்திகளை நாம் அறியாதவர்களா? ஆனால் கூட்டத்தை மட்டும் குறை சொல்லி முடிக்கவும் மனம் வரவில்லை. தண்டவாளத்தில் மயிரிழை விரிசல் கண்டால் உடனே பதிவேட்டில் எழுதி, மாற்ற ஏற்பாடு செய்ய வேண்டும். அடுத்த மாதம், அடுத்த ஆண்டு என்று தள்ளிப்போட்டால் அது ஒருநாள் தானாகவே முறியும். எப்போது, எந்த ரயிலின் கீழ் என்பது நம் கையில் இருக்காது. பிரிஸ்டலில் விரிசல் பதிவேட்டில் ஏறியது 1920-இல். நூறு ஆண்டு தள்ளிப்போட்டார்கள். ஒரு பலகையில் நேர்மையான நான்கு வரி எழுத முடியாமல் போனதன் விலைதான் 2020 ஜூன் 7.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஆங்கிலேயர் ஊர்ச் சிலை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது.

ஆப்பிரிக்கக் கரையில் ஆட்களுக்கு ஈடாகக் கொடுத்த சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணிக்கு முக்கிய இடம் உண்டு. சோழமண்டலக் கரையில் நம் நெசவாளர்கள் நெய்து சாயம் தோய்த்த துணியும் அதில் அடங்கும். நெய்தவர்களுக்கு அது எங்கே போகிறது, எதற்கு விலையாகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை.

அடுத்தது இன்னும் நெருங்கிய தொடர்பு. 1833-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுன் இழப்பீடு கொடுத்தது. அந்தக் காலத்தில் அது அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு. அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பகுதி தீர்ந்தது 2015-இல்தான். இழப்பீடு யாருக்கு? அடிமையாக உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அப்படிப் பெரும்பணம் பெற்றவர்களில் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை. விடுதலையானவர்கள் போனால் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே என்று, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கயானாவுக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தவரும் அவரே. முதல் கப்பல்கள் 1838-இல் போய்ச் சேர்ந்தன. 2023-இல் அவர் வழித்தோன்றல்கள் கயானாவுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார்கள். சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் நம்மவர்களை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கரை சேர்ந்தது 1860 நவம்பர் 16 அன்று. மொரீஷியஸ், நேட்டால் தமிழர்களின் கதை அடிமைக் கப்பல் நின்ற இடத்தில் தொடங்குகிறது.

இனி, நான்காம் வாதத்துக்கு விடை. சென்னை மவுண்ட் ரோட்டில் கர்னல் நீல் என்பவனின் சிலை இருந்தது. 1857-இல் அலகாபாத், கான்பூர்ப் பக்கங்களில் கண்டவர்களைத் தூக்கிலிட்டுக் கொடுமை செய்தவன் அவன். 1927-இல் அந்தச் சிலையை அகற்றக் கோரித் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்தார்கள். கடலூர் அஞ்சலையம்மாளும் அவருடைய சின்ன மகளும் அதில் சிறை சென்றார்கள். 1937-இல் ராஜாஜி முதலமைச்சரானபோது அரசு உத்தரவின் பேரில் சிலை சாலையிலிருந்து அகற்றப்பட்டது. பின்னர் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. அதே சென்னையில் கவர்னர் மன்றோ இன்றும் குதிரைமேல்தான் இருக்கிறார்! நீல் போய் இத்தனை ஆண்டாகியும் மன்றோவை யாரும் இறக்கவில்லை. விவசாயிகளிடம் நேரே பேசி வரி வகுத்தவர் என்ற நினைவு மக்களிடம் இருக்கிறது. இருவரும் வெள்ளையர், இருவரும் கம்பெனிச் சேவகர்கள். மக்களுக்கு வேறுபாடு தெரியும். ஒரு சிலையை இறக்கினால் எல்லாம் இறங்கிவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை.

நாம் வாழும் தில்லியிலும் இதைக் காணலாம். இந்தியா கேட் அருகே மண்டபத்தில் நின்ற ஐந்தாம் ஜார்ஜ் சிலையை 1968-இல் வடக்கே முடிசூட்டுப் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். வைஸ்ராய்கள் சிலரும் அங்கே அவருக்குத் துணையாக நிற்கிறார்கள். வெறும் பீடங்களும் உண்டு. அந்த மண்டபத்தில் 2022 முதல் நேதாஜி நிற்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அந்தப் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள்.

மூன்று கேள்விகள்

எந்தச் சிலையையும் பற்றி முடிவு செய்ய மூன்று கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன்.

1. இவரை எதற்காகப் பீடத்தில் ஏற்றினார்கள்? பெருமைப்படுத்துவதும் பிறரை வதைத்ததும் ஒரே செயலா, வெவ்வேறா?
2. பீடத்தில் எழுதியிருப்பது முழு உண்மையா? இல்லையென்றால் திருத்தி எழுத உரியவர்கள் சம்மதிக்கிறார்களா?
3. அவரால் துன்பப்பட்டவர்களின் வழிவந்தோர் அந்த வழியாக நடக்கிறார்களா? அவர்களை யாராவது கேட்டார்களா?

கோல்ஸ்டன் மூன்றிலும் தேறவில்லை. பர்க் தேறுகிறார்.

புருனெல்? இங்கேதான் எனக்குச் சங்கடம். அவர் ஆட்களை வாங்கி விற்றவர் அல்லர். ஆனால் அவரை வேலைக்கு அமர்த்திய ரயில் கம்பெனிக்கு முதல் போட்ட பிரிஸ்டல் வணிகர்களில், அடிமை இழப்பீட்டுப் பணம் பெற்ற குடும்பத்தாரும் இருந்தார்கள். நான் புண்ணியத் தலமாக நினைத்த பாதையின் கணக்கிலும் அந்தப் பணம் கலந்திருக்கிறது. முதல் கேள்விக்குப் புருனெல் தப்பிக்கிறார். அவரைப் போற்றுவது அவர் கட்டியவற்றுக்காக. லண்டன் பாடிங்டன் நிலையத்தில் அவர் சிலை இருக்கட்டும். ஆனால் இரண்டாம் கேள்வி அவர் கம்பெனியை விடாது. அந்தப் பணத்தின் கதையும் அவர் கதையோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். எனக்குப் பிடித்தவர் என்பதற்காக நான் கணக்கை மறைத்தால், கோல்ஸ்டனுக்கு 1895-இல் வாசகம் எழுதியவர்களுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

பேரனுக்கு இப்போது சொல்ல முடிகிறது. பிள்ளையாரைக் கரைக்கும்போது அடுத்த ஆண்டு வா என்று அன்போடு வழியனுப்புகிறோம். அந்த ஊரில் தண்ணீரில் தள்ளியது, நூறு ஆண்டு கேட்டும் பதில் கிடைக்காத கோபத்தில். சிலையைத் தூக்கி அருங்காட்சியகத்தில் வைத்து, இரண்டு பக்கத்துக் கதையையும் எழுதியதுதான் சரியான முடிவு. அதைக் கயிறு வருவதற்கு முன்னாலேயே செய்திருக்கலாம்.

வீட்டில் பேசிப் பார்க்க:

1. நீங்கள் தினமும் கடந்து போகும் சிலை அல்லது கல்வெட்டு ஒன்றைப் படியுங்கள். அதில் யார் பெயர் இல்லை?
2. கோல்ஸ்டன் பீடத்துக்கு நான்கு வரியில் நேர்மையான வாசகம் எழுதுங்கள். அவர் செய்த தர்மமும் அதில் இடம்பெற வேண்டும்.
3. நீல் அகற்றப்பட்டதும் மன்றோ விடப்பட்டதும் சரியா? மாற்றுக் கருத்து இருந்தால் காரணம் சொல்லுங்கள்.